இன்னும் சளி போகவில்லையா?

ஜனவரி 8

அன்புத் தம்பி வாயாடிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். கை என்று எழுதியதில் கொஞ்சம் பொய் உண்டு. சலவைச் சோடாவில் ஊறி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, எண்ணெய் தடவிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன தடவை நீ வந்தபோது சட்டைக் காலருக்குள் உன் கழுத்தைத் தேட வேண்டியிருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சலவைக்கூடத்தின் லைசென்ஸ் மார்ச்சோடு முடிகிறது. வழக்கம்போல அலுவலகத்துக்குப் போனேன். உனக்குத்தான் தெரியுமே, கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற அந்தக் குமாஸ்தா, “இன்னும் வெளுத்துக்கிட்டுதான் இருக்கீங்களா?” என்று வருடா வருடம் அதே ஜோக்கைச் சொல்லி முத்திரை குத்துவார். நானும் வருடா வருடம் சிரித்துவைப்பேன். இந்த வருடம் கவுண்டரையே காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி. மேலே போர்டு: ‘இனி வரிசை இல்லை, எல்லாம் ஆன்லைன்.’ குமாஸ்தா ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “இனிமே என் கையில ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் கம்ப்யூட்டர்தான். ரொம்பச் சுலபமாம்” என்றார். ஜோக் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “ஜூன் கடைசிக்குள்ள புது லைசென்ஸ் நம்பரைக் குடுத்துடுங்க. இல்லேன்னா லாரி வெச்சு எடுத்துட்டுப் போற கம்பெனிக்குத் துணியைத் தூக்கிக் குடுத்துடுவாங்க. எனக்கு உங்க கை வெளுப்புதான் பிடிக்கும், ஆனா என் பேச்சை யார் கேக்குறா?” என்றார். ஆஸ்பத்திரித் துணி போனால் நமக்கு மிஞ்சுவது அக்கம்பக்கத்து வீடுகளின் போர்வையும் திரைச்சீலையும்தான். அதை வைத்துக்கொண்டு பாய்லருக்கு விறகுகூட வாங்க முடியாது.

நீ அந்த லைசென்ஸ் ஹெல்ப்லைனிலேயே குந்தியிருக்கிறாய். ஊருலகத்துக்கெல்லாம் வழி சொல்கிறவன் அக்காவுக்கு ஒரு வழி சொல்ல மாட்டாயா? போன் வேண்டாம். பாய்லர் இரைச்சலில் நீ சொல்வதில் பாதி ஆவியாகப் போய்விடுகிறது. நிதானமாக எழுது.

உன் பதில் வரும்வரை கையைப் பிசைந்துகொண்டிருக்கும்,
அக்கா

*

ஜனவரி 21

அன்பு அக்காவுக்கு,

வாயாடி வணக்கம். நான் குண்டுக்கல் மாதிரி இருக்கிறேன், கழுத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விரலை முதலில் கவனி. கையுறை வாங்கிப் போடு என்று எத்தனை தடவை சொல்வது? அத்தானுக்கு என் அன்பைச் சொல்லு.

போனில் பேசாமல் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று. இங்கே சொந்தக்காரர்களின் விண்ணப்பத்தைப் பற்றி வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம். பேசுவதெல்லாம் பதிவாகிறது. போன வாரம்கூட ஒருவன் தன் மாமனாருக்கு வழி சொன்னான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அலுவலகத்தைத் தாண்டி வந்தபிறகோ, காதில் போனை வைத்தாலே குமட்டுகிறது. நாள் முழுக்க அதுதானே பிழைப்பு.

இனி காதைக் கொடுத்துக் கேள். பயப்பட ஒன்றுமில்லை. பழைய காலம் மாதிரி ஏழெட்டு மேசைக்கு அலைய வேண்டாம். ஆனால் ஒரே ஒரு இடத்தில் சறுக்கிவிடாதே. ‘தொழில் வகை’ என்று ஒரு பட்டியல் வரும். அதில் சலவை கிடையாது! பட்டியலைப் போட்ட மகராசன் துணியே உடுத்தாதவன் போலிருக்கிறது. ‘சாயமிடுதல், வெளுத்தல்’ என்று ஒன்று இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாந்து அதைத் தொட்டுவிடாதே. அது பெரிய ஆலைகளுக்கு. கழிவுநீரைச் சுத்தம் செய்கிற நிலையம் எங்கே என்று கேட்பான். உன் கூடத்தை விட அந்த நிலையம் பெரிது.

பட்டியலின் கடைசியில் ‘மற்றவை’ என்று இருக்கும். அதைத் தேர்ந்தெடு. இது எந்த விளக்கத்திலும் இருக்காது. ஹெல்ப்லைனில் இருக்கிற எங்களுக்குள் ஒரு ரகசியம். மேல்மாடியில் ஒரு அம்மா இருக்கிறார், அவருக்கு நாங்கள் வைத்த பெயரே ‘மற்றவை அம்மா’. பட்டியலில் அடங்காததெல்லாம் அவரிடம்தான் போகும். தானே படித்துப் பார்த்து, சரியான மேசைக்குத் தள்ளிவிடுவார். நாங்கள் எத்தனையோ பேருக்கு இந்த வழியைக் காட்டியிருக்கிறோம், எல்லாருக்கும் வந்துவிட்டது.

கவலையை என்மேல் போட்டுவிட்டுத் தூங்கு.

தலைநகரத்துப் பெரிய மனிதன்,
வாயாடி

*

பிப்ரவரி 14

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். உன் உடம்பு எப்படி? கையுறை வாங்கிவிட்டேன். அதைப் போட்டால் கறை இருக்கிற இடம் கைக்குத் தெரிவதில்லை, கழற்றி வைத்துவிட்டேன். திட்டாதே.

விண்ணப்பித்தாயிற்று! பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற அம்மாதான் போட்டுக் கொடுத்தாள். தொழில் வகை வந்தபோது அவள் கை நேராக ‘வெளுத்தல்’ மேல் போனது. “நில்லு, நில்லு! என் தம்பி அங்கயே வேலை பாக்குறான். கடைசில இருக்குற மற்றவையைப் போடு” என்றேன். அவள் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தாள் பார், உன்னைப் பெற்ற அம்மா இருந்து பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த தையல்காரருக்கும் அவள் ‘மற்றவை’தான் போட்டாளாம்.

ஒரே கூத்து போட்டோவில்தான். தொழிலிடத்தின் முன்னால் உரிமையாளர் நிற்கிற மாதிரி வேண்டுமாம். உன் அத்தான் எடுத்தார். பாய்லர் ஆவியில் நான் ஒரு பேய் மாதிரி விழுந்திருந்தேன். ‘முகம் தெளிவாக இல்லை’ என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது. மறுபடி எடுத்தோம், கொடியில் காய்ந்த டாக்டர் கோட்டை இன்னொரு ஆள் என்று எடுத்துக்கொண்டது. கடைசியில் பாய்லரை அணைத்து, கொடியை அவிழ்த்து, ஒரு வேலையும் நடக்காதபோது எடுத்தால் ஏற்றுக்கொண்டது. அத்தான் சொல்கிறார், “தொழில் நடக்காத மாதிரி இருந்தாத்தான் லைசென்ஸ் குடுப்பாங்க போல.” சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது, ஒரு எண் வந்தது. எண்ணை இதன் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மற்றவை அம்மாவுக்கு என் நமஸ்காரத்தைச் சொல்.

நிம்மதியோடு,
அக்கா

*

மார்ச் 5

அன்பு அக்காவுக்கு,

நலமா? அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்கு நல்ல சளி. தும்மித் தும்மி மூக்கு பழுத்துவிட்டது, மற்றபடி குறையில்லை.

உன் எண்ணைப் பார்த்தேன். ‘பரிசீலனையில்’ என்று இருக்கிறது. மேல்மாடிக்கு ஒரு எட்டுப் போய் வந்தேன். அங்கே சுவரெல்லாம் புது பெயின்ட் அடிக்கிறார்கள், மேசைகளை மாற்றிப் போடுகிறார்கள். மற்றவை அம்மாவைப் பார்க்க முடியவில்லை. பெயின்ட் காய்ந்ததும் போய்ப் பார்க்கிறேன்.

இங்கே எனக்கு ஒரு கௌரவம் கிடைத்தது தெரியுமா? டை கட்டிய ஒருவர் வந்து எங்கள் எல்லாருடைய குரலையும் கேட்டார். கேட்டுவிட்டு என்னைக் காட்டி, “இவர்தான்” என்றார். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து வாக்கியம் வாக்கியமாகப் படிக்க வைத்தார்கள். ‘வணக்கம்’ என்பதை மட்டும் எத்தனை விதமாகச் சொல்ல முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எண்களெல்லாம், மாதங்களெல்லாம் படித்தேன். எனக்கோ அன்றைக்குப் பார்த்து மூக்கடைப்பு. “சளியா இருக்கே சார், சரியானதும் படிக்கட்டுமா?” என்றேன். “வேணாம், வேணாம், இப்படியே இருக்கட்டும். ஒரு மனுஷத்தன்மை தெரியுது” என்றார். புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவாம். பரிசாக ஒரு பிளாஸ்க் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ‘வாயை மூடு’ என்று பெஞ்சு மேல் ஏற்றிய வாத்தியார் இதைப் பார்க்க வேண்டும்.

பொறுமையாக இரு. ஜூன் வர இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே,
வாயாடி

*

ஏப்ரல் 6

அன்புத் தம்பி,

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான். உன் சளி இன்னும் போகவில்லையா? ஏன் கேட்கிறேன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பழைய லைசென்ஸ் முடிந்துவிட்டது. புதியது கிணற்றில் போட்ட கல். ஜெராக்ஸ் அம்மா திறந்து பார்க்கும்போதெல்லாம் ‘பரிசீலனையில்’. பொறுக்க முடியாமல் அலுவலகத்துக்குப் போனேன். குமாஸ்தா பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பாவம், என் எண்ணைப் போட்டுப் பார்த்தார். “உங்க ஃபைல் எனக்குத் தெரியுதும்மா. கண்ணால பாக்கலாம், அவ்வளவுதான். முன்னெல்லாம்னா எந்த மேசையில கிடக்குன்னு பாத்து நானே எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன். இப்ப மேசையே தெரியல” என்றார்.

அதற்குப் பிறகுதான் ஹெல்ப்லைனுக்குப் போட்டேன். உன் சட்டமெல்லாம் ஞாபகம் இருந்தது, வேறு யாராவது எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுத்தது நீ! முதல் மணியிலேயே! எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாம் மறந்து, “டேய், நான்டா, அக்காடா!” என்று கத்திவிட்டேன். நீ அசையவில்லையே. ‘தங்கள் விண்ணப்ப எண்ணை அழுத்தவும்’ என்றாய். அப்புறம்தான் பதிவாகிறது என்று உறைத்தது, நாக்கைக் கடித்துக்கொண்டேன். நானும் யாரோ மாதிரி எண்ணை அழுத்தினேன். ‘தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. தங்கள் பொறுமைக்கு நன்றி’ என்றாய். என்ன நடிப்புடா! பெற்ற பிள்ளையைத் தெரியாத மாதிரி பேசுகிற வக்கீல் தோற்றான்.

ஆனால் உன் குரலில் சளி அப்படியே இருக்கிறது. மாசக்கணக்காக நிற்காத சளி நல்லதில்லை. அந்த பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் வைத்துக் குடி, டாக்டரிடம் போ. உன் சொந்த போனுக்கு அடித்தால் அணைத்து வைத்திருக்கிறது என்று வருகிறது, ஏன்?

இப்படிக்கு, உன் குரலைக் கேட்டதிலேயே பாதித் தெம்பு வந்த,
அக்கா

*

ஏப்ரல் 29

அக்காவுக்கு,

நலம். சளி பரவாயில்லை, கவலைப்படாதே.

போன் கீழே விழுந்து கெட்டுவிட்டது. அறையும் மாறியிருக்கிறேன், கீழே புது முகவரி. சந்தைக்குப் பின்னால் கிடங்குகள் இருக்கிற தெரு. கொஞ்சம் சத்தம், ஆனால் நடந்தே வேலைக்குப் போய்விடலாம். இனி இங்கேயே எழுது.

நீ ஹெல்ப்லைனுக்குப் போட்டதைப் பற்றி. ஆமாம், அப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அடிக்கடி போடாதே, அங்கே கேட்டு உனக்குப் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த விண்ணப்பத்தை வாபஸ் வாங்கிவிடு. வாங்கிவிட்டுப் புதிதாகப் போடு. ‘வெளுத்தல்’ என்றே போடு. கழிவுநீர் நிலையம் கேட்டால் கேட்கட்டும், கேட்கிறவனிடம் முறையிடலாம். ‘மற்றவை’ வேண்டாம். ஏன் என்று கேட்காதே, இங்கே சில மாற்றங்கள்.

மேல்மாடியில் பெயின்ட் வேலை முடிந்துவிட்டது. அழகாக இருக்கிறது.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மே 18

தம்பிக்கு,

உடம்பைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன். உன் அத்தானின் வலது முன்கை வெந்துபோய்க் கட்டுப் போட்டிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நீ சொன்னபடி வாபஸ் வாங்கப் போனேன். ‘பரிசீலிக்கும் அதிகாரியின் ஒப்புதல் தேவை’ என்று வந்தது. அதிகாரி யார் என்று இருக்கிற கட்டத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. சரி, புதிதாகப் போடுவோம் என்றால் ‘உங்கள் பெயரில் ஒரு விண்ணப்பம் ஏற்கெனவே பரிசீலனையில் உள்ளது’. அத்தான் பெயரில் போட்டோம். ‘இந்த முகவரியில் ஒரு விண்ணப்பம் ஏற்கெனவே பரிசீலனையில் உள்ளது’. ஜெராக்ஸ் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தையல்காரருக்கும் இதே கதி. அவள் இப்போது என்னை நேராகப் பார்ப்பதில்லை.

குமாஸ்தா யாரிடமோ கேட்டு வந்து சொன்னார். “எளிமையாக்குறோம்னு சொல்லி அந்த மற்றவையைப் பாக்குற பதவியையே எடுத்துட்டாங்களாம்மா. அந்தம்மா மார்ச்லயே ஓய்வு வாங்கிட்டுப் போயிட்டாங்க. பட்டியல்ல வகையை எடுக்க மறந்துட்டாங்க. உள்ள போனது போனதுதான்.” அதே வாரம் பேப்பரில் பெரிய செய்தி: எந்த அதிகாரியின் மேசையிலும் ஒரு விண்ணப்பம்கூட நிலுவையில் இல்லையாம், நாட்டுக்கே முன்மாதிரியாம். உண்மைதானே. அதிகாரி இருந்தால்தானே மேசை, மேசை இருந்தால்தானே நிலுவை?

பிறகு கையில் டேப்லெட்டோடு லைசென்ஸ் சோதனைக்கு ஒருவர் வந்தார். நல்ல மனுஷன்தான், அத்தான் கொடுத்த தண்ணீரைக் குடித்தார். “லைசென்ஸ் வர்ற வரைக்கும் பாய்லரை மூட்டாதீங்க. எனக்கும் வேற வழி இல்ல” என்று வால்வில் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்துப் போய்விட்டார். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் இதைச் சொல்ல முடியுமா? முற்றத்தில் அடுப்பு மூட்டி அண்டாவில் தண்ணீர் காய்ச்சித் துவைத்தோம். ஆபரேஷன் துணியைக் கையால் தூக்கும்போது அண்டா சாய்ந்துவிட்டது. அத்தானின் கை.

அன்றைக்கு எனக்கு யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. உன் போன் இல்லை. ஹெல்ப்லைனுக்குப் போட்டேன். வேலை போனால் போகட்டும் என்று, “அத்தானுக்குக் கை வெந்துபோச்சுடா, தோல் உரிஞ்சு வருதுடா” என்று சொன்னேன். நீ, ‘தங்கள் பொறுமைக்கு நன்றி’ என்றாய்.

சட்டம்தான், தெரிகிறது. இருந்தாலும் ஒரு மூச்சு கூடவா தடுமாறாது தம்பி? நான் தினமும் மதியம் போடுகிறேன். ‘பொறுமைக்கு’ என்னும்போது உன் மூக்கு அடைக்கிறது. நேற்றும் அதே இடத்தில், இன்றும் அதே இடத்தில். நான் அழுத அன்றைக்கும் அதே இடத்தில்.

எழுது. என்ன ஆனாலும் எழுது.
அக்கா

*

ஜூன் 16

தம்பிக்கு,

பதில் இல்லை. உனக்கு உடம்புக்கு ஏதாவதா? அத்தானின் கை ஆறி வருகிறது, விரலை மடக்கத்தான் முடியவில்லை.

தலைமை நர்ஸ் நேரிலேயே வந்தார். கம்பி கட்டிய பாய்லரைப் பார்த்தார், முற்றத்து அண்டாவைப் பார்த்தார். கொடியில் இருந்த ஒரு பச்சைத் துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு கறை கிடையாது. ரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் சுடுதண்ணீர். அண்டாவானாலும் நான் அதை மாற்றுவேனா? “நம்பர் மட்டும் குடுங்களேன். பொய் நம்பரா இருந்தாக்கூட நான் எழுதிடுறேன், ஆனா கம்ப்யூட்டர் ஏத்துக்காதே” என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. என்னவோ மரத்துப்போய்விட்டது.

அத்தான் இதே கையோடு தலைநகரத்துக்குக் கிளம்புகிறார். உன் ஹெல்ப்லைனுக்கே போய், உன்னை வெளியே கூப்பிட்டு, யாரைப் பார்க்க வேண்டுமோ கூட்டிக்கொண்டு போகச் சொல்லப் போகிறார். உனக்குத் தொல்லைதான். வேறு வழி தெரியவில்லை. அவருக்குச் சட்டை பித்தானை நான்தான் போட்டுவிடுகிறேன், நீ பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜூலை 12

என் தம்பிக்கு,

நீ நலமாக இல்லை என்று தெரியும். அதனால் கேட்கவில்லை.

அத்தான் உன் அலுவலகத்துக்குப் போனார். பெரிய கூடம், வரிசையாக மேசை, மேசைக்கு மேசை ஹெட்ஃபோன் தொங்குகிறது, ஒரு ஆள் இல்லையாம். காவலாளி சொன்னானாம், “அவங்களையெல்லாம் மார்ச் கடைசியிலயே அனுப்பிட்டாங்க. இப்ப மெஷின்தான் பேசுது. யாரோ ஒருத்தரோட குரலைப் புடிச்சு வெச்சிருக்காங்க. நல்ல குரல். லேசா சளி.”

அங்கிருந்து உன் முகவரிக்கு வந்தார். கிடங்கு வாசலில் லாரி நின்றதாம். நீ தோளில் பெட்டியோடு பலகையில் இறங்கினாயாம். மேஸ்திரி ஒருவன் அசிங்கமாகத் திட்டினானாம். நீ வாயைத் திறக்கவில்லையாம். அத்தான் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிட்டார். “கூப்புட்டிருக்கலாமே” என்று கத்தினேன். “கூப்புட்டிருந்தா எங்கிட்டயும் ஏதாவது பொய் சொல்லியிருப்பான். எவ்வளவுதான் சொல்வான், பாவம்” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கெல்லாம் உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். ஏப்ரலில் உண்மையை ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஒரு இயந்திரத்திடம் அழுதிருக்க மாட்டேனே. பிறகு அழுகை வந்தது. உன் வாயை எடுத்துக்கொண்டு உன்னைத் துரத்திவிட்டார்களேடா.

லாரி வந்துவிட்டது. ஆஸ்பத்திரித் துணி போய்விட்டது. முதல் தடவை திரும்பி வந்த துணியில் ரத்தக் கறை அப்படியே காய்ந்திருக்கிறது என்று நர்ஸ் சொல்லி அனுப்பினார். எடுத்த எடுப்பில் சுடுதண்ணீரில் போட்டிருப்பார்கள். அதை இனி யாராலும் எடுக்க முடியாது. பாய்லரைப் பழைய இரும்புக்குக் கேட்டார்கள். ஈய முத்திரை வைத்த பொருளை விற்கக் கூடாதாம், அது அங்கேயே நிற்கிறது. நான் அந்த லாரிக் கம்பெனியில் மடிக்கிற வேலைக்குக் கேட்டிருக்கிறேன். ‘உங்கள் பெயரில் ஒரு தொழில் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று அங்கேயும் கம்ப்யூட்டர் இடிக்கிறதாம். பார்க்கலாம் என்றார்கள்.

வந்துவிடு என்று எழுத ஆசைதான். வந்து என்ன செய்வாய் என்றும் தெரியவில்லை. இருந்தாலும் வா.

நான் இன்னும் மதியத்தில் போடுகிறேன். லைசென்ஸுக்கு இல்லை. உன் சளி போய்விட்டதா என்று ஒரு வரி எழுது, அது போதும்.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 3

அக்காவுக்கு,

அத்தானின் விரல் இப்போதாவது மடங்குகிறதா? என்னால் வேறு எதையும் முதலில் கேட்க முடியவில்லை.

கடைசி நாளில் சாமானை எடுக்கச் சொன்னபோது கம்ப்யூட்டர் திறந்துதான் இருந்தது. ‘மற்றவை’யைத் திறந்து பார்த்தேன். பக்கம் பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது, எல்லாம் நாங்கள் வழி காட்டிய ஆட்கள். அதிகாரி இருக்க வேண்டிய கட்டம் எல்லாவற்றிலும் வெள்ளை. அதில் உன் எண்ணும் இருந்தது. எழுத உட்கார்ந்தேன். பெயின்ட் அடித்துவிட்டார்கள் என்று எழுதத்தான் கை வந்தது.

இங்கே கூட வேலை பார்க்கிறவரிடம் போன் வாங்கி, நானும் தினமும் மதியம் ஹெல்ப்லைனுக்குப் போடுகிறேன். உன் எண் மனப்பாடம். உனக்குக் கிடைத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள எனக்கும் வேறு வழியில்லை. நான்தான் எடுக்கிறேன். நான்தான் எனக்கு வணக்கம் சொல்கிறேன். பரிசீலனையில் இருக்கிறது என்று நானே சொல்வதைக் கேட்டு, ஒரு நிமிஷம் நம்பவும் செய்கிறேன். ஒருவேளை நீயும் நானும் ஒரே நேரத்தில் அதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நேற்று எனக்கே தெரியாமல், “அக்கா இருக்காளா?” என்று கேட்டுவிட்டேன். எண்ணை அழுத்தச் சொன்னேன்.

வரச் சொன்னாய். அத்தான் கையைப் பார்க்கிற தைரியம் எனக்கு எப்போது வருமோ, அப்போது வருகிறேன். இப்போது இல்லை.

சளியைக் கேட்டிருந்தாய். அது மார்ச்சிலேயே போய்விட்டது அக்கா. அந்தக் குரலுக்குத்தான் இனி போகாது.

தம்பி